அண்ணாந்து பார்க்கிற வேலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று மூன்று தடைகள் போட்டிருந்தார் டாக்டர். நேற்றுதான் விடுதலை. இதற்கிடையில் பெரியவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஷெட்டில் நைட் ஷிப்ட் பார்த்தவன் என்பதால் எனக்கு மட்டும் பழகிவிட்டது.

ஆக, உன் டிப்போவுக்கும் சி.என்.ஜி., அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் பஸ், வருகிறது! ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது இதைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பியிருக்கிறாய். பதினோரு வருஷம் கேஸ் பஸ்ஸோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பயப்படாதே. பயப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

"வெடிக்குமாடா?" என்று கேட்டிருக்கிறாய். எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பஸ் டயரில் 8 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். வண்டியில் கேஸ் அடைக்கும் சிலிண்டரில் 200 பார். அதனால் பயம் நியாயம்தான். ஆனால் இந்தக் கேஸில் பெரும்பங்கு மீத்தேன், அது காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். சமையல் கேஸ் மாதிரி தரையோடு படுத்துக் கிடக்காது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். திறந்தவெளியில் அதற்கு வாய்ப்பு குறைவு. மூடிய கூரைக்கு அடியில் அப்படி இல்லை. நாம் ஆயுசு முழுக்கக் கசிவைத் தரையில் தேடிப் பழகியவர்கள். இனி நீ அண்ணாந்து பார்க்க வேண்டும். உன் ஷெட் கூரையில் வாயு வெளியேற வழி இருக்கிறதா? மேலே தொங்கும் விளக்கு, ஃபேன், அவற்றின் ஒயரிங் எல்லாம் எந்தக் காலத்தவை? முதல் பஸ் உள்ளே வருவதற்கு முன் இதைப் பார்த்துவிடு.

எங்கள் ஷெட்டில் ஒரு நாள் ஒரு பையன் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, குழாயில் மிச்சம் கேஸ் இருப்பதை மறந்து குழாய் இணைப்பைத் தளர்த்திவிட்டான். அந்த விசில் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, ஸ்பானர்தான் பறந்தது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் கொண்டுவந்தேன்: வால்வை மூடு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு, அப்புறம் குழாயில் கை வை. நீயும் இதையே வைத்துக்கொள். சிலிண்டர்களின் அழுத்தச் சோதனைத் தேதிகளுக்குத் தனி நோட்டுப் போடு. வண்டி எஃப்.சி.க்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

எஞ்சின் விஷயம் உனக்கு எளிது. டீசல், அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கேஸ் அப்படிப் பற்றாது, பொறி வேண்டும். அதனால் இன்ஜெக்டர் இருந்த இடத்துக்கு ஸ்பார்க் பிளக் வரும். எஞ்சின் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கம்ப்ரஷன் விகிதம் 17, 18இலிருந்து 11, 12க்கு இறங்கும். பழைய டீசல் வண்டியையே மாற்றித் தருகிறோம் என்று வந்தால், முடிந்தவரை தட்டிக்கழி. கேஸுக்கென்றே கட்டிய வண்டியில் வரும் தலைவலி பாதிதான். அப்போதும் பிளக், எக்ஸாஸ்ட் வால்வு சீட் இரண்டிலும் கண் இருக்கட்டும், சூடு அதிகம். பிக்கப் இல்லை என்று டிரைவர்கள் ஒரு மாதம் சண்டை போடுவார்கள். அப்புறம் இரைச்சல் குறைந்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அது கேஸ் நிரப்பும் வரிசை.

டெல்லிக் கதை நினைவிருக்கிறதா? சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா காற்று மாசு பற்றி 1985இல் தொடுத்த வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2001 மார்ச் 31க்குள் நகரப் பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது இந்தக் கெடுதான். அதே உத்தரவில் இன்னொரு கெடுவும் இருந்தது. அப்போது இருந்த 9 நிரப்பு நிலையங்களை 2000 மார்ச் 31க்குள் 80 ஆக்க வேண்டும் என்பது. அதாவது பஸ்ஸுக்கு ஒரு வருஷம் முன்னால் நிலையம்! எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் நடந்தபோது பஸ்ஸும் ஆட்டோவும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. பயணிகள் ஸ்டாப்பில் நின்றார்கள். 2002 ஏப்ரலில், இன்னும் டீசலில் ஓடும் பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், 30 நாள் கழித்து 1000 ரூபாய் என்று அபராதம் போட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. அந்த டிசம்பரில் டீசல் நகரப் பஸ்கள் போயின.

உன் கணக்கைப் போட்டுப் பார். 100 பஸ், கேஸ் நிரப்பும் குழாய்முனை (நாசில்) 2, வண்டிக்கு 15 நிமிஷம் என்று வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். ராத்திரி வண்டிகள் ஷெட்டில் கிடப்பதோ ஐந்தாறு மணி. மீதி வண்டிகள் காலை முதல் ட்ரிப்பை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும். கரண்ட் போனால் கேஸை அழுத்தி ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். அவசரமாக அடித்தால் சிலிண்டர் சூடாகி மீட்டர் 200 காட்டும், ஆறியதும் முள் இறங்கிவிடும். "கேஸைத் திருடிவிட்டார்கள்" என்று டிரைவர் உன்னிடம்தான் வருவார்.

இவ்வளவும் எதற்கு என்றும் கேட்டிருந்தாய். கரும்புகை போகும், அது பெரிய விஷயம். வொர்க்‌ஷாப் சுவரைத் தொட்டால் கை கறுக்காது. மற்றபடி இது சுத்தமோ சுத்தம் என்று எவனாவது மேடையில் பேசினால் நம்பாதே. எரியாமல் கசியும் மீத்தேன், நூறு வருஷக் கணக்கில் பார்த்தாலும் கரியமில வாயுவைப் போல 28 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். ஆக, உன் ஃபிட்டர் சோப்பு நுரை தடவி ஒரு கசிவைப் பிடித்தால் அதில் இரட்டை லாபம். நாளைக்கே மின்சாரப் பஸ் வந்து இதையும் ஓரங்கட்டலாம். அதுவரை ஓட்ட வேண்டியது இதைத்தானே.

நாசில் எத்தனை தருகிறார்கள், கம்ப்ரஸருக்கு ஜெனரேட்டர் உண்டா, நிலையம் டிப்போவுக்குள்ளேயா வெளியிலா, இந்த மூன்றையும் கேட்டு எழுது. கண் முழுசாகச் சரியானதும் நானே வருகிறேன். உன் ஷெட் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நைட் ஷிப்ட் கூட்டாளி