தொட்டிப்பாலத்தில் எங்கள் பாட்டாவுடன் அமர்ந்திருந்தவருக்கு

சென்ற மாதம் மறைந்த எங்கள் பாட்டா, மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டப்பட்டபோது கல்லும் சாந்தும் சுமந்த கூலியாட்களில் ஒருவர். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின்மீது, விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் அந்தப் பாலத்தைத் தம் சொந்த நிலத்தைப் போலவே அவர் நேசித்தார். ஞாபகம் மங்கத் தொடங்கிய நாட்களிலும் தாம் நின்று வேலை செய்த தூண் எது என்பதை மட்டும் அவர் மறக்கவேயில்லை.

கடந்த ஆண்டு ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் அவர் அங்கே போய்விட்டார். வீடே பதறித் தேடிக்கொண்டிருக்க, தாங்கள் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்து, அவர் கதையை இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு, திருவட்டாறு வரை பேருந்தில் அழைத்துவந்து எங்கள் வாசலில் விட்டீர்கள். பெயரைக் கேட்பதற்குள் புறப்பட்டும் விட்டீர்கள். வழி தவறிய முதியவரை வீடு சேர்ப்பவர்கள் உண்டு. அவர் பேச்சுக்குச் செவிகொடுப்பவர்கள் அரிது. "அந்த மக்கா பிறகு வந்தானா?" என்று பாட்டா கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சார்பிலும் எங்கள் குடும்பத்தின் சார்பிலும் தங்களுக்கு மனமார்ந்த நன்றி.