ஏலத்துக்கு முன் ஸ்கேன் செய்யுங்கள்

ஆசிரியருக்கு,

அரசு அலுவலகங்களின் பழைய கணினிகள் மின்கழிவாக ஏலம் போவது பற்றிய செய்தி கண்டேன். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லைதான். ஆனால் 386, 486 பிராசசர்கள் ஓடிய காலத்து மதர்போர்டுகள் (கணினியின் முதன்மைச் சர்க்யூட் பலகைகள்) பலவற்றைக் கெடுப்பது அவற்றில் சால்டர் செய்திருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரியே; கசியும் காரம் செம்புத் தடங்களை அரித்துவிடும். பேட்டரியை வெட்டியெடுத்து, கசிவை வினிகரால் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவினால் பல போர்டுகள் பிழைக்கும்.

உதிரிபாகம் பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் தேடினால் அகப்படும். பழைய காகிதமாக எடைக்குப் போன சர்க்யூட் வரைபடம் அகப்படாது. எனவே ஏலத்துக்கு முன் கையேடுகளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கணினியின் அடிப்படை நிரல் பதிந்திருக்கும் ஈப்ராம் சிப்புகளின் பதிவை நகலெடுத்து (அவற்றின் கண்ணாடியை மூடிய ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது, நாள்பட வெயில் பட்டால் பதிவு அழியும்), மாடலுக்கு ஒன்றை இங்குள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க மாநில அரசு உத்தரவிடலாம்.

– வாசகர், அல்சூர், பெங்களூரு