குருத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பொள்ளாச்சி

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஆள் வைத்துத் தோப்பு முழுவதும் மருந்து அடித்துவிடுங்கள் அம்மா, பணம் அனுப்புகிறேன்" என்றாய். பணத்துக்காக நான் தயங்கவில்லை. மருந்தே வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருக்கிறேன்.

நீ மருந்து அடிக்கச் சொன்ன இந்தச் சுருள் வெள்ளை ஈ, ஓலையில் சாறு உறிஞ்சும் பூச்சி, வந்தது 2016-இல். இந்தியாவிலேயே முதலில் கண்டது நம் பொள்ளாச்சித் தென்னையில்தான். அப்போது பயந்துபோய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் அடித்தோம். ஒரு மாதம் குறைந்த ஈ, மறுமாதம் இரட்டிப்பாக வந்தது. அதை அழிக்கிற பூச்சியையும் சேர்த்து நாமே கொன்றிருக்கிறோம் என்பது பிறகுதான் புரிந்தது.

நேற்று தாழத் தொங்கிய ஓலை ஒன்றை அறுத்து, அப்பாவின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடிப்பக்கம் வெள்ளை மாவு சுருள் சுருளாகப் படிந்திருந்தது. அதற்குள் இருந்த கூட்டுப்புழுக்களில் பாதிக்கு மேல் கறுத்துவிட்டன. பலவற்றின் முதுகில் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஓர் ஓட்டை. என்கார்சியா என்ற குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய வழி அது. கொசுவைவிடச் சின்னது, கண்ணு. இப்போது மருந்து அடித்தால் அதுதான் முதலில் சாகும்.

ஓலை மேல் நீ படத்தில் பார்த்துப் பதறிய கறுப்பு வேறு, அது ஈயின் இனிப்பான கழிவில் படரும் பூஞ்சணம். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்து ஓலையில் தெளித்தோம். காய்ந்து ஏடு ஏடாக உரிகிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களையும் மரங்களில் கட்டியிருக்கிறோம்.

என் கவலையெல்லாம் நீ நட்டுவிட்டுப் போன தென்னம்பிள்ளைகள் மேல்தான். நாலாவது வரிசையில் ஒன்றின் குருத்தில் ஓட்டை. மென்று தள்ளிய நார் ஈரம் காயாமல் வெளியே நின்றது. கொக்கிக் கம்பியை விட்டுத் திருகினேன். காண்டாமிருக வண்டு கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும், ஆனால் விரியும் ஓலை கத்தரித்தது போலத்தான் இருக்கும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போட்டுவிட்டேன்.

அந்த வண்டு வளர்வது நம் எருக்குழியில். கிளறியபோது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. கோழிகள் ஒன்றையும் விடவில்லை. குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கரைத்து ஊற்றியிருக்கிறோம். அது பிடித்த புழு விறைத்து, மேலே பச்சையாகப் பூத்துச் சாகும். ஆமணக்குப் பிண்ணாக்கு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, மண்பானைகளில் தோப்புக்குள் வைத்தோம். வாடைக்கு வந்து விழுகிற வண்டுகளைக் காலையில் அப்பா எடுத்துக் கொல்கிறார்.

கொல்லைப்புறத்துப் பார்த்தீனியத்துக்கும் களைக்கொல்லி கேட்டாய். பக்கத்திலேயே கிணறு இருக்கும்போது எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது, பூ வைப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குகிறோம். அதன் மகரந்தம் பாப்பாவின் இளைப்புக்கு ஆகாது. நீங்கள் மே மாதம் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை பிடுங்கிவிடுவேன்.

வரும்போது நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வா. அப்பாவுடையதில் கீறல் விழுந்துவிட்டது.

அன்புடன்,
அம்மா