செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: இன்ஜின் ஓடிய ஆண்டு

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இன்று வராதவர்களுக்கு இந்த அறிக்கையை அச்சிட்டு வீட்டுக்கே அனுப்புகிறோம். அவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பதால் சில இடங்களில் விரிவாக எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இன்ஜின்களிலும் கார்களிலும் ஆர்வம் கொண்ட நம் சங்கத்தின் பதிவேட்டில் 43 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு கூட்டம் என்ற கணக்கில் பன்னிரண்டு நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தது. மழையால் ஒன்றும், தேரோட்டத்தால் ஒன்றும் நின்றன. மற்றொன்றுக்குத் தலைவரும் நானும் மட்டும் வந்து டீ குடித்துவிட்டுப் போனோம். ஏற்காடு மலைப்பாதையில் பழைய கார்களை ஏற்றும் நிகழ்ச்சி நல்லபடி நடந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எந்த வண்டியும் நிற்கவில்லை. கோயம்புத்தூர் கார் அருங்காட்சியகப் பயணத்துக்கு 14 பேர் பெயர் கொடுத்தார்கள், 6 பேர் வந்தார்கள். வேன் வாடகை 14 பேருக்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது.

இரண்டு கூட்டங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் கூட்டத்தில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் நேப்பியர் டெல்டிக் இன்ஜினைப் பற்றிப் பேசினார். அட்டையில் ஒரு மாதிரி செய்து, கையால் சுற்றிக் காட்டினார். முக்கோண வடிவம், மூலைக்கு ஒன்றாக மூன்று கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), 18 சிலிண்டர், ஆனால் 36 பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை அழுத்தும். சிலிண்டரை மூடும் சிலிண்டர் ஹெட் என்ற ஒன்றே கிடையாது. பார்ப்பதற்கு யாரோ வேடிக்கைக்காகச் செய்தது போல இருக்கும். உண்மையில் அது தேவையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் வேகப் படகுகள் பெட்ரோலில் ஓடின, குண்டு பட்டால் தீப்பிடித்தன. எடை குறைந்த, சக்தி மிகுந்த டீசல் இன்ஜின் அவர்களுக்கு வேண்டியிருந்தது. முக்கோணத்தில் மூன்று கிராங்கையும் ஒரே திசையில் சுற்றவிட்டால் பிஸ்டன்களின் நேரம் ஒத்துவரவில்லை. ஒரு கிராங்கை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிட்டால் போதும் என்று சொன்னவர் ஹெர்பர்ட் பென்வார்டன். அவர் கடற்படை ஆய்வகத்தில் வரைபடக்காரராக இருந்தவர். அந்த இன்ஜின் பிறகு ரயிலுக்கும் வந்தது. ஒரு லோகோவுக்கு இரண்டு இன்ஜின், 3,300 குதிரைத்திறன், மொத்தம் 22 லோகோக்கள். 1961 முதல் இருபது ஆண்டுகள் அவை ஓடின. பேச்சு முடிந்தும் அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. நம் சங்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

நவம்பர் கூட்டத்தில், எது பெரிய சாதனை என்ற பழைய சண்டை மறுபடி வந்தது. இளைஞர்கள் புகாட்டி வேய்ரான் காரின் 16 சிலிண்டர் டபிள்யூ 16 என்றார்கள்: எட்டு லிட்டர், நான்கு டர்போ, 1,001 குதிரைத்திறன். பெரியவர்கள் பிரிட்டிஷ் பந்தயக் கார் கம்பெனியான பி.ஆர்.எம்.மின் எச் 16 என்றார்கள். அது இரண்டு தட்டை எட்டு சிலிண்டர் இன்ஜின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. எடை அதிகம், அடிக்கடி பழுதாகும். அதை வைத்து ஃபார்முலா ஒன்னில் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். 1966-ல் வாட்கின்ஸ் கிளென்னில் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் அதைப் பூட்டி ஜெயித்தார். என் கருத்தைக் கேட்டால், கிரைஸ்லரின் ஏ 57-ஐச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் டாங்கிக்கு இன்ஜின் போதவில்லை என்றதும், ஆறு சிலிண்டர் கார் இன்ஜின்கள் ஐந்தை ஒரே அச்சில் இணைத்து 30 சிலிண்டர் இன்ஜின் செய்துவிட்டார்கள். கையில் இருப்பதை வைத்து வேலையை முடிப்பது சேலத்துப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. அதனால் எனக்கு அதுதான் நெருக்கம். அன்று கை தூக்கச் சொன்னோம், முடிவு வரவில்லை.

சரி, இனி இன்ஜின் விஷயம். இந்த ஆண்டில் சங்கத்தின் நேரமும் பணமும் பெரும்பாலும் இதற்குத்தான் போயிற்று. இதைப் பற்றி என் முன்னாலும் பின்னாலும் பேசப்பட்டது எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆத்தூர் சாலையில் பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த ஓர் அரவை மில்லில் பழைய ஹாட் பல்ப் இன்ஜின் ஒன்று இருப்பதாக ஜூன் மாதம் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். ஒற்றை சிலிண்டர், என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஃபிளைவீல் (சுழலும் கனத்த சக்கரம்), பெயர்த்தகட்டை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். எடை எப்படியும் ஒன்றரை டன் இருக்கும். சனிக்கிழமை காயலான் கடை லாரி வருகிறது என்றார்கள். நான் பார்த்தது வியாழக்கிழமை மாலை. செயற்குழுவைக் கூட்ட நேரமில்லை. அன்றிரவே ஐந்து பேருக்குப் போன் செய்தேன், இரண்டு பேர்தான் எடுத்தார்கள், இருவரும் வாங்கச் சொன்னார்கள். எடைக்கு என்ன விலையோ அதையே கொடுத்தோம். பாதி என் கைப்பணம், பாதி சங்கக் கையிருப்பு. தீர்மானம் இல்லாமல் சங்கப் பணத்தை எடுத்தது விதிப்படி தவறு. ஜூலை செயற்குழுவிலேயே அதை ஒப்புக்கொண்டேன், இங்கேயும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நாள் தாமதித்திருந்தால் அது உருக்காலைக்குப் போயிருக்கும். மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன்.

"பழைய இரும்புக்கு இவ்வளவா" என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ருடால்ஃப் டீசலின் இன்ஜின் சரியாக ஓடியது 1897-ல். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் கண்டுபிடித்த ஹாட் பல்ப் இன்ஜினை ஹார்ன்ஸ்பி கம்பெனி விற்கத் தொடங்கிவிட்டது. தீப்பொறி தர மேக்னெட்டோ கிடையாது, பிளக் கிடையாது. தலையில் இருக்கும் இரும்புக் குண்டைப் புளோ லேம்ப்பால் கால் மணி நேரம் சூடேற்றிவிட்டு ஃபிளைவீலை ஆட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தன் சூட்டிலேயே ஓடும். மண்ணெண்ணெய், கச்சா எண்ணெய் எதை ஊற்றினாலும் கோபிக்காது. மீன்பிடிப் படகுகளிலும், லான்ஸ் புல்டாக் டிராக்டரிலும், நம் ஊர் மில்களிலும் இருந்தது இந்தக் குடும்பம்தான்.

அப்புறம் கப்பல். நம் உறுப்பினர்களில் ஒருவர் சரக்குக் கப்பல்களில் இருபது ஆண்டுக்கு மேல் பொறியாளராக இருந்தவர். நாமெல்லாம் வாய் பிளந்து படம் பார்க்கும் 14 சிலிண்டர் வார்ட்சிலா இன்ஜினைப் பற்றி அவர்தான் நமக்குப் புரியும்படி சொன்னார். 2006-ல் எம்மா மெர்ஸ்க் கப்பலில் வைத்தது அது. எடை 2,300 டன், சக்தி 1,08,000 குதிரைத்திறனுக்கு மேல். சிலிண்டர் வாய் 96 சென்டிமீட்டர், கல்யாண வீட்டு அண்டா அகலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டரை மீட்டர், நம் வீட்டு நிலைக்கதவைவிட உயரம். ஆனால் நிமிடத்துக்கு 102 சுற்றுதான். கிராங்க் கேஸுக்குள் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கலாம். அந்த மாதிரி கப்பல் இன்ஜின்களில் ரிவர்ஸ் கியர் கிடையாது. கப்பல் பின்னால் போக வேண்டுமானால் இன்ஜினையே நிறுத்தி, அழுத்தக் காற்றை விட்டு எதிர்த்திசையில் ஓடவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரியும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் அது சுலபமாக முடிகிறது. நம் ஹாட் பல்ப் இன்ஜினும் இரண்டு ஸ்ட்ரோக். அதுவும் இரு திசையிலும் ஓடும். உலகத்தின் மிகப் பெரிய இன்ஜினின் குணம் ஆத்தூர் ரோட்டில் ஓட்டுக் கொட்டகைக்குள் கிடந்தது. நான் அதை விட்டுவிட்டு வர முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

கொண்டுவந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. செயின் பிளாக் போட்டு இறக்கவே ஒரு பகல் ஆயிற்று. பிஸ்டன் இறுகியிருந்தது. டீசலும் பிரேக் ஆயிலும் ஊற்றி மூன்று வாரம் ஊறவைத்தோம். சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஜாக்கெட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்யக் கொடுத்த ஒரு பட்டறையில், வார்ப்பிரும்பைச் சூடேற்றாமலே வெல்டிங் வைத்துவிட்டார்கள். விரிசல் இரண்டு சாண் ஆகித் திரும்பி வந்தது. பணமும் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. அன்றிரவு நான் தூங்கவில்லை. பிறகு வெல்டிங்கே இல்லாமல், விரிசல் நெடுகத் துளை போட்டுப் பின் அடித்துத் தைக்கும் முறையில் கோயம்புத்தூரில் செய்துவந்தோம். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிஸ்டன் ரிங்குகளை நம் லேத் பட்டறை உறுப்பினரே கடைந்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவையை ஊற்றி, உரசும் இடம் தெரியப் புளூ மை தடவி, ஸ்கிராப்பரால் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்தது மட்டும் ஐந்து ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் யார் வந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நான்கு பேர். அதே நான்கு பேர்தான். வாட்ஸ்அப் குழுவில் டெல்டிக் சத்தம் என்று ஒரு வீடியோ போட்டால் முப்பது பேர் கை தட்டுகிறார்கள். ஃபிளைவீலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று எழுதினால் பதில் இல்லை. எனக்கு அது வலிக்கிறது. வேலை, குழந்தைகள், கல்யாணம், காரியம் எல்லாருக்கும் உண்டு. அந்த நான்கு பேருக்கும் உண்டு.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு இன்ஜின் ஓடியது. அந்த மில்லில் முப்பது ஆண்டு அதை ஓட்டிய பெரியவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தோம். மூன்று முறை ஆட்டியும் பிடிக்கவில்லை. "தம்பி, குண்டு இன்னும் சிவக்கல, அவசரப்படாதீங்க" என்றார். இன்னும் ஐந்து நிமிடம் லேம்ப் காட்டினோம். நான்காவது ஆட்டத்தில் ஒரு இருமல், வெள்ளைப் புகை, அப்புறம் அடி அடியாக ஓடத் தொடங்கியது. தரை வழியாகக் காலில் ஏறிய அந்த அதிர்வை எந்தப் போனிலும் பிடிக்க முடியாது. பெரியவர் காது கொடுத்துக் கேட்டு எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். பிறகு அவரே கைப்பிடியை வாங்கி, இன்ஜின் சாகிற நிலைக்கு வந்து ஃபிளைவீல் தயங்கும் அந்த நொடியில் ஒரு சொட்டு எண்ணெயைத் தட்டிவிட்டார். ஃபிளைவீல் உதைத்துத் திரும்பி, எதிர்த்திசையில் ஓடியது. நம் கப்பல் பொறியாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு பேர்தான் பார்த்தோம். 43 பேர் பார்த்திருக்க வேண்டியது.

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, காரணம் மேலே சொன்னதுதான். எனக்கு வரவேண்டிய தொகையை நான் இப்போது கேட்கவில்லை. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 17 பேர் முழுதாகக் கட்டியிருக்கிறார்கள். 11 பேர் இரண்டாண்டு பாக்கி. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: சூரமங்கலத்தில் இன்ஜினை வைத்திருக்கும் கொட்டகையை வாடகையின்றிக் கொடுத்த பட்டறை உரிமையாளர், ஞாயிறுதோறும் எங்களுக்கு மோர் கொடுத்த அவருடைய அம்மா, தலைவர், பொருளாளர், ஆயுத பூஜைக்குப் பொரி கடலைச் செலவை ஏற்ற உறுப்பினர், புகையைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தார்.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கொட்டகை உரிமையாளரின் மகனுக்கு இடம் தேவைப்படுகிறது. ஆடிக்குள் காலி செய்ய வேண்டும். இருபதுக்கு இருபது அடி, சிமென்ட் தரை, சுற்றிலும் வீடு இல்லாத இடமாக இருந்தால் நல்லது. நம் உறுப்பினர்களில் குடோன் வைத்திருப்பவர்கள் மூன்று பேராவது இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். புகைக்குழாயை உயர்த்த வேண்டும், குளிர்விக்கத் தொட்டி கட்ட வேண்டும். பாக்கிச் சந்தா வந்தாலே இரண்டும் முடியும். செயலாளர் பொறுப்பில் எனக்கு நான்காண்டு முடிகிறது. வேறு யாரேனும் முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைப்பேன். அவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளைக் கொடுக்க முடிந்தவராக இருக்க வேண்டும், அந்த இன்ஜினை மறுபடி எடைக்குப் போடாதவராக இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் நானே தொடர்கிறேன்.

அடுத்த ஓட்டம் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. மில்காரப் பெரியவரும் வருகிறார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. திருப்பி ஓட்டும் அந்தக் கைப்பழக்கத்தை இரண்டு பேராவது அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
சேலம்