பிள்ளையாருக்கு மூன்று, பள்ளியில் ஐம்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பொங்கல் நெருங்கினால் நாளிதழ்களின் இணைப்புகளில் தவறாமல் ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. ஒரு லட்டு சாப்பிட்டால் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், இரண்டு ஜாங்கிரிக்கு எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று படத்தோடு போடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனாலும் இனி அதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

அந்தக் கணக்கே பிழையானது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 210 கலோரி செலவாகும். அதே ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 60 முதல் 80 கலோரி வரை செலவாகத்தான் செய்யும். ஆக, நடந்ததால் கூடுதலாகச் செலவானது 130 முதல் 150தான். பெட்டிச் செய்தியில் பெரும்பாலும் முழு 210ஐயும் இனிப்புக்கு ஈடாகக் காட்டிவிடுகிறார்கள். கலோரி காட்டும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை ஓரளவு சரியாகக் காட்டின. கலோரிக் கணக்கில், இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

கணக்குப் பிழையைத் திருத்திவிடலாம். அந்தப் பெட்டி மனத்தில் பதிக்கும் எண்ணத்தைத் திருத்துவதுதான் கடினம். சாப்பிட்டது குற்றம், நடப்பது அதற்கு அபராதம் என்றே அதைப் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அபராதம் கட்டுவதற்கு ஆசையாகப் போகிறவர் யாரும் இல்லை. நான்கு நாள் கட்டுவார், ஐந்தாம் நாள் டிமிக்கி கொடுப்பார், ஆறாம் நாள் அந்தப் பூங்கா வாசலையே தவிர்த்து வேறு தெரு வழியாகப் போவார்.

இந்த எண்ணம் விதைக்கப்படும் இடம் பள்ளி மைதானம். தோப்புக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் சன்னிதியில் குழந்தை தலையில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போடுகிறது. பாட்டியும் பக்கத்தில் நின்று முடிந்தவரை குனிகிறாள். குழந்தை சிரித்துக்கொண்டே எழுகிறது. அதே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த அன்று வகுப்பு வாசலில் ஐம்பது போடுகிறது. முழங்கால் மடங்குவதும் தொடைத் தசை இழுபடுவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யார் சொல்லிச் செய்கிறோம், எத்தனை, யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பவை மட்டும் மாறுகின்றன. உடல் இரண்டையும் தனித்தனியாகவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இருபது வருடம் கழித்து ஜிம்மில் பயிற்சியாளர் "ஸ்குவாட் போடுங்க சார்" என்றதும் அந்த மனிதருக்கு எழும் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அப்படியிருந்தும் 'மைதானத்தைப் பத்து ரவுண்டு சுத்திட்டு வா' என்பது தண்டனை என்றே பலருக்குத் தோன்றுவதில்லை, உடம்புக்கு நல்லதுதானே என்கிறார்கள். பழக்கமில்லாத பிள்ளையை நூறு, இருநூறு தோப்புக்கரணம் போடவைத்தால் தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம். அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்டனை கொடுக்காத பள்ளியிலும் பி.டி. பீரியடு சில பிள்ளைகளுக்குக் கசந்துபோகிறது. எல்லோரும் இரண்டு ரவுண்டு ஓட வேண்டும் என்றால், வேகமானவன் முடித்துவிட்டு நிழலில் நிற்பான். கடைசிப் பிள்ளை தனியாக ஓடிவருவதை நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதை மாற்றக் காசு வேண்டாம், ஒரு விசில் போதும். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கில் எடுங்கள். கோட்டிலிருந்து எல்லோரும் அவரவர் வேகத்தில் மூன்று நிமிடம் ஓடட்டும். விசில் அடித்ததும் நின்ற இடத்திலேயே திரும்பி அதே வேகத்தில் கோட்டுக்கு வரட்டும். வேகமானவன் அதிக தூரம் போயிருப்பான், மெதுவானவன் குறைந்த தூரம் போயிருப்பான், ஆனால் கோட்டுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒன்றாகத்தான் வந்து சேருவார்கள். முதல் தடவை பையன்கள் போகும்போது வெறியாக ஓடிவிட்டுத் திரும்பும்போது திணறுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தன் வேகம் எது என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க உதவும் பாடம் அது.

அணி பிரிக்கும்போது இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லாதீர்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாத பிள்ளை அதை மறப்பதே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அவுட் ஆனவர் ஆட்டம் முடியும்வரை வெளியே உட்காரும் விளையாட்டுகளில், ஓட்டம் அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் உட்காருகிறது. ஒரு நிமிடம் கழித்து உள்ளே வரலாம் என்று விதியை மாற்றிக்கொள்ளலாம். எடை பார்க்கும்போது எண்ணை உரக்கச் சொல்லி எழுதும் வழக்கத்தையும் விட வேண்டும்.

இனி பெரியவர்கள். 'வலித்தால்தான் பலன்' என்ற நம்பிக்கை கெடுத்த அளவுக்குச் சோம்பல்கூட உடற்பயிற்சியைக் கெடுத்ததில்லை. முதல் நாளே நூறு ஸ்குவாட் போட்டவருக்கு, தசை வலி இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவார். அத்தோடு சரி, ஜிம்முக்குக் கட்டிய மூன்று மாதப் பணமும் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை எட்டு முறை, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு முறை என்பதே முதல் வாரத்துக்குப் போதும். முடிக்கும்போது 'இன்னும் நாலு செய்யலாம் போலிருக்கே' என்று தோன்ற வேண்டும். அந்த மிச்சம்தான் அவரை நாளை மறுநாள் திரும்ப அழைத்து வரும்.

நடையிலும் ஓட்டத்திலும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மூச்சு வாங்கத் தொடங்கி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் மனநிலை இறங்கிவிடும். உடல் பழகியவருக்கு அந்த எல்லை ஓட்டத்தில் வரும். பழகாதவருக்கு, எடை கூடியவருக்கு, வேக நடையிலேயே வந்துவிடும். காலையில் எந்தப் பூங்காவிலும் இதைக் காணலாம். கணவர் கைவீசிப் பத்தடி முன்னால் போவார், மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறக்குறைய ஓடிவருவார். அவருக்கு அது நடையே அல்ல, துரத்தல். வாயைத் திறந்து பார்த்தால் எல்லை தெரிந்துவிடும்: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சேர்ந்து நடப்பவர்கள் மெதுவானவரின் வேகத்தில் நடக்கட்டும். அது போதாதவர் பிறகு தனியாக இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாம்.

மனநிலையை அளக்க ஆய்வாளர்கள் 1989இலிருந்து ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மிக மோசம் என்றால் −5, மிக இதம் என்றால் +5, நடுவில் 0. நடையின் பாதியில் ஒருமுறை, முடியும்போது ஒருமுறை உங்களையே கேட்டு, காலண்டர் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் தொடர்ந்து இரண்டு நாள் 0க்குக் கீழே போனால் வேகமோ நேரமோ உங்களுக்கு அதிகம். எடை இயந்திரத்தின் எண்ணைவிட இந்த எண்ணுக்கு மதிப்புக் கொடுங்கள். எடை மாற வாரங்கள் ஆகும், மனநிலை அன்றைக்கே பதில் சொல்லிவிடும்.

முடிக்கும் விதமும் முக்கியம். கடைசிச் சுற்றை உயிரைக் கொடுத்து ஓடி முடிப்பது நம்மவர் வழக்கம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 15 நிமிட சைக்கிள் பயிற்சியை ஒரு குழுவுக்கு எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடித்தார்கள், இன்னொரு குழுவுக்குக் கடினத்தில் தொடங்கி எளிதில் முடித்தார்கள். எளிதில் முடித்தவர்களே பிற்பாடு கேட்டபோதும் அதை இதமாக நினைவுகூர்ந்தார்கள். கடைசி நிமிடங்கள் எப்படியோ, ஞாபகமும் அப்படி.

தினம் பத்தாயிரம் அடி, அதாவது காலடி, நடக்க வேண்டும் என்ற இலக்கும் பலரை வதைக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் விற்ற கருவியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. எண் அந்தப் பெயரிலிருந்துதான் பரவியது. அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 9,200இல் இரவு பதினோரு மணிக்கு ஹாலில் சுற்றிச்சுற்றி நடக்கும் அப்பாவைப் படுக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில், வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதோடு, எந்த அசைவும் கணக்கில் சேரும் என்றே சொல்கிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பழக்கம் ஊறிப்போகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, உடற்பயிற்சியை ஒரு நாள்கூட விட முடியாத கோளாறும் இருக்கிறது. வீட்டார் அதை ஒழுக்கம் என்று மெச்சிக்கொள்வதால் வெளியே தெரிவதில்லை. காய்ச்சலிலும் ஓடுவது, முழங்கால் வீங்கியிருந்தும் விடாதது, அடி எண்ணிக்கை குறைகிறது என்று கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போவது, ஓடாத நாளில் சோற்றைத் தள்ளிவைப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். விளையாடும் பெண் பிள்ளைக்குத் தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் நின்றுபோனால், உழைப்புக்கு ஏற்ற உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்று பொருளாகலாம். எலும்பும் பலவீனப்படும். 'கடுமையா பிராக்டிஸ் பண்றா, அதான்' என்று விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பண்டிகை இணைப்பில் அந்தப் பெட்டிக்கான இடம் காலியாக இருந்தால் இதைப் போடுங்கள். மொத்தம் 25 நிமிட நடை. முதல் 4 நிமிடம் சாவகாசமாக. அடுத்த 8 நிமிடம், பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில். அடுத்த 8 நிமிடம் அதைவிடச் சற்றுக் குறைத்து. கடைசி 5 நிமிடம் உலா, அதுவும் மரநிழலோ குளக்கரையோ உங்களுக்குப் பிடித்த இடமாக இருக்கட்டும். மொட்டை மாடியில் நடப்பவர்கள் பாதியில் திசையை மாற்றிச் சுற்றட்டும். தொடக்கத்துக்கு வாரம் ஐந்து நாள் போதும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். லட்டு சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் இதே 25 நிமிடம்தான்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்