எந்த ஷாஃப்ட்டுடா?

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். மூட்டுவலி, பேரனின் பரீட்சை என்று சாக்குச் சொல்லலாம், உண்மை சோம்பல்தான். வீட்டில் எல்லோரும் சுகம்.

எழுத வைத்தது அம்மா. போன வாரம் நடுராத்திரி இங்கே பெங்களூரில் இடியென்றால் இடி, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. எழுந்து பார்த்தால் கட்டிலில் அம்மா இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு, தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "எந்த ஷாஃப்ட்டுடா?" என்கிறாள். சுரங்கத்துக்குள் இறங்கும் குழியைத்தான் கேட்கிறாள். மழை என்றால் நம்பவில்லை. "சங்கு ஊதினாங்களா கேளு!"

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரியில். அவளுக்கு இன்னும் மூடவில்லை.

மறுநாள் பேரனுக்கு ஏர்பிளாஸ்ட் பாடம் நடத்தினேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டார்கள். தங்கம் எடுத்த இடம் பொந்து, மேலே அத்தனை பாரம். தாங்க முடியாத பாறை தானாகவே வெடித்துச் சிதறும், வெடிமருந்தே வைக்க வேண்டாம் என்றேன். "தெரிஞ்சும் ஏன் இறங்கினாங்க?" என்றான். வட ஆற்காட்டில் ஆண்டை நிலத்தில் குனிந்து கிடந்தவர்களுக்குக் கோலாரில் கையில் கூலி கிடைத்தது, மூங்கில் தட்டி வீடானாலும் யாரும் வாசலில் நின்று அதட்டவில்லை என்றேன். அப்படிப் பயந்த ஜனமும் இல்லை; கைரேகை வை என்றதற்கு 1930இல் வேலையையே நிறுத்தியவர்கள். அதைக் கேட்டுத்தான் பையன் நிமிர்ந்தான்.

1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் என்று நீ மார்தட்டுவாயே, அதையும் சொன்னேன். அது வந்தது சுரங்கத்துக்கு, நாங்கள் இரண்டு பேரும் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத்தான் ஃபெயிலானோம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். கோபிக்காதே.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி அம்மாவைக் கைத்தாங்கலாகப் படுக்க வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எதிர்வீட்டு அண்ணன் மேல வந்துட்டாரா?"

உன் அப்பாவைத்தான்டா கேட்டாள். நாமிருவரும் அவருக்காக அன்றொரு நாள் ஷாஃப்ட் கேட்டருகே விடியும்வரை நின்றது எனக்கு அப்படியே கண்ணில் வந்தது. "வந்துட்டாரும்மா, கை கால் கழுவுறார்" என்றேன். அப்புறம்தான் தூங்கினாள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? உன்னிடமும் கேட்பாள். நீயும் அதையே சொல்லிவிடு.

உன்,
மாப்ளே