குறிசுடுபவர் எல்லாம் குண்டர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கி சுடப் பிடிக்கும் என்று சொன்னாலே எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், 'உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை' என்று சொந்த மாமாவே கேட்கிறார். கள்ளத்துப்பாக்கி வைத்திருக்கும் குண்டர்களையும் சட்டப்படி குறிசுடுபவர்களையும் ஒன்றாகப் பேசுவது நியாயமே இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே மலேசியாவில் காற்றுத் துப்பாக்கிக்குக்கூட லைசன்ஸ் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருக்கட்டும், நான் அதை எதிர்க்கவில்லை.

ஆனால் விளையாட்டையும் கொஞ்சம் பாருங்கள். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி (ஏர் ரைபிள்) போட்டியில் இலக்கு அட்டையின் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரல் நுனியால் விசையை மெல்ல மெல்ல அழுத்தணும், நெஞ்சு படபடத்தால் குறி போச்சு. சுட்டு முடித்ததும் உள்ளே குண்டு இல்லை என்று காட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிற்றைக் குழலுக்குள் விட்ட பிறகுதான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நகரவே முடியும். இந்த ஒழுக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று இதே போட்டியில்தான் சுட்டார்!

தோட்டத்துப் பையன்களுக்குப் பந்து விளையாடத் திடல் இருக்கிறது, சரி. குறிசுடப் பழக? தகுதியான பயிற்றுநரும் பூட்டிய ஆயுத அறையும் உள்ள ஒரு 10 மீட்டர் கூடத்தை இளைஞர் விளையாட்டு அமைச்சு இந்த வட்டாரத்தில் அமைத்துத் தர வேண்டும். துப்பாக்கிகள் அங்கேயே இருக்கட்டும், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்